பாடபேதம்

ஹீயுமா தீவைச் சுற்றிக் கடல் உறையும் மாதம்.
படகுத்துறை அலுவலகத்தில் நானும் ஒரு சர்வரும்,
எங்கள் இருவருக்கும் ஒரே ஹீட்டர்.

நாளைக் காலைப் படகு இல்லை என்று
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மின்னஞ்சல் போக வேண்டும்.
போகவில்லை.
வரிசையில் நிற்கிறது,
நிற்கிறது என்று மட்டும் திரை சொல்கிறது.

நிறுவியபோது ஒரே ஒரு கட்டளை.
தேநீர் ஆறுவதற்குள் 'முடிந்தது' என்றது.
காசு இல்லை. மூலநிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது.
வாசல் திறந்த வீடுதான்,
உள்ளே விளக்கு எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

எழுதியவர்களின் கையேட்டை எடுத்தேன்.
அறுநூறு பக்கம், அலுக்காத நடை.
'அமைவுக் கோப்பில் நாற்பதாவது வரியை மாற்றுக.'
என்னிடம் அந்தக் கோப்பே இல்லை.
பொதி கட்டியவர் அதை உடைத்து
ஐம்பத்து மூன்று துண்டாக்கி
எண்ணிட்டு அடுக்கியிருக்கிறார்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சரி;
இங்கே சட்டியும் வேறு, அடுப்பும் வேறு.

பொதியோடு வந்த குறிப்பைத் தேடினேன்.
அதையும் சுருக்கிக் கட்டியிருந்தார்கள். பிரித்தால் ஒரு வரி:
'விவரங்களுக்கு மூல ஆசிரியர்களின் கையேட்டைப் பார்க்கவும்.'
மூல ஆசிரியர்களின் கையேடு, பக்கம் பதினொன்று:
'பொதியாக நிறுவியவர்கள் பொதி கட்டியவரைக் கேட்கவும்.'

நூற்குற்றம் பத்து என்று எண்ணி வைத்தவர்கள்
பதினொன்றாவதை விட்டுவிட்டார்கள்:
அடுத்த வீட்டைக் கைகாட்டல்.
இரண்டு துறையும் எதிர்த்துறைக்கே போ என்றால்
படகு எங்கே நிற்கும்?
படகுகளை நிறுத்தத்தான் எனக்குச் சம்பளம்.

பனியுடைக்கும் கப்பலிலிருந்து ஏவல்ட் கூப்பிட்டார்.
'போயிற்றா?'
'போகிறது' என்றேன்.
'லெய்டா ஐந்து மணிக்கே கம்பளி மூட்டையோடு வந்துவிடுவாள்,
குளிரில் நிற்க வைக்காதே.'

இரவு இரண்டு மணி.
படிக்க வேறொன்றும் மிஞ்சாததால்
மாற்றப் பட்டியலைப் படித்தேன், யாரும் படிக்காததை.
'எழுத்துப்பிழை திருத்தம்.'
'முந்தைய திருத்தத்தில் இருந்த எழுத்துப்பிழை திருத்தம்.'
'போலிஷ் மொழிபெயர்ப்பு, நன்றி.'
இப்படியே பதின்மூன்று ஆண்டு கீழே இறங்கினால்,
ஒரு டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பதினொன்று நாற்பதுக்கு:

'வெளியே அனுப்பும் வாயிலை மூடியே தருகிறேன்,
தெரியாதவர் கையில் அதுதான் பத்திரம்.
திறக்க வேண்டுமானால் இருபத்தேழாம் துண்டில்
"இல்லை" என்பதை "ஆம்" ஆக்குக.
இதை எங்கே எழுதி வைப்பது என்று தெரியவில்லை.
ஆகவே இங்கே.
மிலோஸ்லாவ், ஓலோமோட்ஸ்.'

வெளியே ஊர் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்திருக்கும்.
அந்த ஆள் உள்ளே உட்கார்ந்து
முகம் தெரியாத எனக்கு
ஐந்து வரி உரை எழுதியிருக்கிறார்,
ஒளித்து வைத்தது போல.

ஒரு சொல்லை மாற்றினேன்.
பனி விரிசல் விடும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.
எண் மட்டும் இறங்கியது:
நானூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்று ஆறு, தொண்ணூறு,
சுழியம்.

நன்றி சொல்லி மிலோஸ்லாவுக்கு எழுதினேன்.
அதுவும் போயிற்று; ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தது.
அந்தப் பெயரில் அங்கே பெட்டி இல்லையாம்.

ஐந்து மணிக்கு லெய்டா வந்தாள், மூட்டையோடு.
அவள் மின்னஞ்சல் பார்ப்பதே இல்லை.
ஹீட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

பிறகு, அடுத்து வருகிறவருக்கு
இதை எங்கே எழுதி வைப்பது என்று யோசித்தேன்.
காகிதம் தேட அலுப்பு.
சர்வர் அலமாரிக் கதவின் உட்புறத்தில்
மார்க்கரால் எழுதினேன்:
'துண்டு 27. ஆம்.'
கதவைச் சாத்தினேன்.
வெளியிலிருந்து பார்த்தால்
ஒன்றும் தெரியாது.