ஏழு மில்லிமீட்டர்

மூன்று நிறத்தில் ஒட்டுத்தாள் கொடுத்திருக்கிறார்கள்.
பச்சை: இருக்கட்டும்.
சிவப்பு: எடுத்துவிடலாம்.
மஞ்சள்: கேட்டுச் சொல்கிறோம்.

ஆற்றோரப் பழைய பதிவகத்தின் இரண்டாம் மாடியில்
இரவு பத்துக்கு மேல் என் வேலை.
பகலில் சாலையை அடைக்க அனுமதி கிடையாது.
குளிர்சாதனக் குழாய்கள் இருட்டோடுதான் லாரியில் வரும்.
கட்டடத்துக்கு நுரையீரல் மாற்றுகிறோம்
என்பார் திட்ட மேலாளர், பகலில்.
இரவில் அது தகரம், திருகாணி, வியர்வை.

குவேக் சுவரைச் சுரண்டுகிறாள்,
அறுவைக் கத்தியால், அஞ்சல்தலை அளவுக்கு.
வெள்ளைக்குக் கீழே வெண்ணெய் நிறம்,
அதன் கீழே நெஞ்சுயரத்துக்கு அரசாங்கப் பச்சை,
அதற்கும் கீழே ஒரு கறுப்பு.
குண்டு விழுந்த மாதங்களில் பூசியிருப்பார்கள் என்கிறாள்.
ஆய்வுக்கூடத் தாளில் அப்படி இல்லை.
கரி, சுண்ணாம்பு, அவ்வளவுதான்.

துளைக்கருவியைத் தோளில் சாய்த்தபடி செந்தட்டி கேட்டான்:
"எந்த நிறத்துக்கு மேடம் திரும்பப் போறோம்?"
கூட்டக் குறிப்பில் ஏற்றினேன்.
ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது:
பச்சை, ஆனால் இவ்வளவு பச்சை வேண்டாம்.

பொய்க்கூரையைப் பிரித்த இரவு
தலையில் கொட்டியது எல்லாம்.
செத்த மின்கம்பிகள் ஒரு பாரம்,
பல்லி முட்டை ஓடுகள்,
காலிச் சிகரெட் பெட்டி,
212 என்று எண் பொறித்த தகர வில்லை.
ரஸாலி வில்லையை ஊதித் துடைத்தான்.
"இவரை இன்னும் கூப்பிடவே இல்லை போல."
யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தோம்.
வில்லைக்குப் பச்சை, கம்பிகளுக்குச் சிவப்பு.
சிகரெட் பெட்டிக்கு என்ன ஒட்டுவதென்று தெரியாமல் மஞ்சள்.

நான்காம் முகப்பு, தேக்குப் பலகை.
பிறப்பை எழுதியது இங்கேயா இறப்பையா,
சொல்ல ஆளில்லை.
புதிய வரைபடத்தில் இங்கே தொடுதிரைகள்,
சக்கர நாற்காலிக்கு முழங்கால் இடைவெளி.
எனக்கு அதில் மறுப்பில்லை.
பழைய உயரம் வேண்டுமென்றே வைத்த உயரம்:
வந்தவர் அண்ணாந்து பேச வேண்டும்.
தாழ்த்தத்தான் வேண்டும்.

அளவெடுக்கக் குனிந்தபோது
விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது.
கண்ணுக்குத் தெரியாத பள்ளம்.
தோளகலம் தள்ளி இன்னொன்று.
முழங்கைகள்.
பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி,
எழுதியதை எட்டிப் பார்த்து,
அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டதை
ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போன முழங்கைகள்.
எங்கள் வீட்டுப் பெயரிலும் ஒரு ழகரம் தொலைந்தது,
இந்த முகப்பிலா, வேறொன்றிலா.

ஆழமானியை வைத்தேன்.
ஏழு மில்லிமீட்டர்.

மூன்று மணிக்குக் கோப்பி வந்தது, பொட்டலத்தில், கட்டுக்கயிறோடு.
செந்தட்டியின் தலைக்கவசத்தில் மஞ்சள் தாள்.
ஷொஹாக் ஒட்டியது.
"பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்து ரெண்டு மாசம் மேடம்.
சரியாத்தான் ஒட்டியிருக்கான்."
கிழிக்காமலே வேலைக்குத் திரும்பினான்.

பட்டியலில் நிரப்ப நான்கு கட்டங்கள்.
இடம்: நான்காம் முகப்பு.
குறை: தேய்மானம், 7 மி.மீ.
காரணம்: மக்கள்.
நடவடிக்கை:

இங்கே பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு எழுதினேன்:
உயரத்தை அடியில் அறுத்துக் குறைக்கவும்.
மேற்பலகையைத் தொட வேண்டாம்.
இழைக்க வேண்டாம், மெருகு வேண்டாம்.

பச்சைத் தாள் தீர்ந்திருந்தது.
சுண்ணக்கட்டியால் பலகையின் ஓரத்தில்
'இருக்கட்டும்' என்று தமிழில் எழுதிவிட்டு
முதல் ரயிலைப் பிடித்தேன்.

ஒன்பது மணிக்குக் குவேக் படம் அனுப்பியிருந்தாள்,
பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம்.
கீழே கேட்டிருந்தாள்:
இது எந்தக் காலத்து எழுத்து?
துடைக்கலாமா?