இழுவை

கொண்டலாம்பட்டி பைபாசில்
கடைசி லாரிக்காரர் கை கழுவிப் போன பின்
கல்லைச் சுரண்டித் துடைத்துவிட்டு
ஒன்றே காலுக்கு வீடு வருகிறேன்.
வாசல் குழாயடியிலேயே
சட்டை, கைலி, தலைத்துண்டு
எல்லாம் சிவப்பு மூடி போட்ட பக்கெட்டுக்குள்.
தாரிகாவுக்குத் தெரியும், அதைத் தொடக் கூடாது.

நகக்கண்ணுக்கு ஒரு பழைய பிரஷ்.
காதுமடல், புருவம், முழங்கை மடிப்பு.
மைதா எங்கெல்லாம் போய் உட்காரும் என்று
மாஸ்டருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?
மார்கழியில் சேர்வராயனிலிருந்து குளிர் இறங்கும்.
பச்சைத் தண்ணீரில் பல் கிட்டும்.
குளித்து முடித்துத்தான்
தூங்குகிறவள் நெற்றியில் வாய் வைப்பேன்.

மூன்று வயதில் அவளுக்கு
வயிறு மட்டும் பானை.
கையும் காலும் அகத்திக் குச்சி.
பூச்சி என்றார்கள், மருந்து கொடுத்தோம்.
கண்ணு என்றார்கள், மிளகாய் சுற்றினோம்.
குகையில் ஒருவர் முந்நூறு ரூபாய்க்குத்
தாயத்து கட்டினார்.
பிள்ளை சோர்ந்து கிடக்கிறதே என்று நானும்
கடையிலிருந்து தினம் ஒரு பரோட்டா கொண்டுவந்து
பிய்த்து, பாலில் ஊறவைத்து, சர்க்கரை தூவி
ஊட்டினேன்.
இந்தக் கையால்தான்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.
குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
"நீங்க என்ன வேலை?" என்றார் டாக்டரம்மா.
சொன்னேன்.
பேனாவை மூடி வைத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

வீசினால் விரிகிறதே,
கிழியாமல், அந்தப் பக்கம் நிற்கிறவன் முகம் தெரிகிற மாதிரி,
அந்த இழுவைக்கு ஒரு பேர் இருக்கிறதாம்.
குளூட்டன்.
பதினேழு வருஷமாய் என் விரலோடு பழகியது
பேர் சொல்லாமலே பழகியிருக்கிறது.

அப்புறம் ஜமுனா படிக்க ஆரம்பித்தாள்.
லீ பஜாரில் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பி
எறும்பு எழுத்துகளை.
கடைக்காரர் முறைப்பார், படிப்பாள்.
நாலு மாசம் ஆகியும் பிள்ளைக்கு வயிறு அடங்கவில்லை.
எதில், எதில் என்று தேடி
பெருங்காய டப்பாவின் முதுகில் கண்டுபிடித்தாள்:
கோதுமை மாவு.
உடம்புக்கு நல்லது என்று மூன்று வேளையும் கொடுத்த
ரசத்தில்.
டப்பாவை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்து
வெறும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.
அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

"ஒரு துண்டு கேக்குதானே அண்ணா"
என்பாள் என் தங்கச்சி.
அவள் பஸ் ஏறிப் போய்விடுவாள்.
ராத்திரி மூன்று மணிக்குப் பாய் அலசுவது நாங்கள்.
தட்டுவடை செட்டு அரிசிதானே என்று நம்பி
அம்மாப்பேட்டை வண்டியில் நின்றோம்.
அதே எண்ணெயில் சமோசா மிதந்தது.
திரும்பி நடந்தோம்.
அவள் அழவில்லை.
அழாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலையை மாற்றேன் என்கிறார்கள்.
நாளைக்குத் தொள்ளாயிரம்
வேறு எந்தக் கல் தரும்?

மரவள்ளி மாவு இந்த ஊரில் தட்டில்லை.
பச்சரிசி மாவோடு பிசைந்து, எண்ணெய் விட்டு ஊறவைத்து
ஒரு திங்கட்கிழமை, லீவு நாள், வீசிப் பார்த்தேன்.
பிட்டுக்கொண்டு விழுந்தது.
அடித்தேன். தடவிக் கொடுத்தேன்.
வாழைப்பழம் சேர்த்துப் பார்த்தேன்.
இந்தச் சேலத்தில் என் கைக்கு அடங்காத மாவு
அது ஒன்றுதான்.
கடைசியில் தட்டித்தான் சுட்டேன்,
ஓரமெல்லாம் வெடித்து.
இரண்டு தின்றாள்.
"இது பரோட்டா இல்லப்பா" என்றாள், மூன்றாவது கேட்டுக்கொண்டே.

போன வாரம்
என் கைக்குட்டையைக் குழாயில் நனைத்து
ஸ்டூல் மேல் அறைந்து வீசிக்கொண்டிருந்தாள்.
புதுப் பையன்களுக்கு நானும் ஈரத்துணியில்தான்
முதலில் கைபழக்குவேன்.
இவளுக்கு யார் சொன்னது?
சுருட்டி, வட்டமாக்கி, தட்டில் வைத்து நீட்டினாள்.
"ஒரு செட்டு. சால்னா தனியா."
"உனக்கு?"
"எனக்கு ஆகாது. நீ சாப்பிடு."

வாயருகே கொண்டுபோய் மென்றேன்.
சோப்பு வாசம்.
பிடுங்கி விரித்து, விளக்குக்கு நேரே பிடித்து
"கிழியவே இல்ல பாத்தியா" என்றாள்.