இது எந்த வருஷம்

வியாழக்கிழமை தீர்ப்பு.
திங்கட்கிழமை டேப்போடு வந்தவர்
வாசலில் ஷூவைக் கழற்றினார்.
அதுதான் என்னைக் கொஞ்சம் அழவைத்தது.

சாட்ஸ்வர்த், யூனிட் ஐந்து.
நகராட்சி கட்டிக் கொடுத்த வீடு. ஒரு சுவர்
எங்களுக்கும் பக்கத்து ரத்னம் செட்டிக்கும் பொது.
அதை எப்படி எழுதுவது என்று கேட்டார்.
பாதி, என்றேன்.
கணக்கு எழுதிப் பழகிய வாய்.

பள்ளிக்கூடக் கணக்கு. நான்கு வருஷம்.
பிள்ளைகள் கட்டிய சீருடைப் பணம், சுற்றுலாப் பணம்,
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ராண்ட்.
யாரும் மொத்தமாக எடுப்பதில்லை.
இரண்டாயிரம், மூவாயிரம். ஒரு மாதம் எண்ணூறுதான்;
அந்த மாதம் என்னை நானே
யோக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கீசர்?
அந்தப் பணம்.
கூரை?
முன்பாதி என் கணவருடையது, துறைமுகச் சர்க்கரைக் கிடங்கில்
இரவு ஷிஃப்ட் பார்த்தது. பின்பாதி என்னுடையது.
என்னுடையது என்றால்... எழுதிக்கொள்ளுங்கள்.
சமையலறைத் தரை?
அந்தப் பணம்.
சாமி அறைப் பளிங்கு?
விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
அவர் பேனாவை மூடித் திறந்தார்.
அதுவும், என்றேன்.
வேலோடு நின்றவன் ஒன்றும் சொல்லவில்லை.

தனபாலன் தோட்டத்துக் குழாயருகே நின்றிருந்தார்.
நான் கைதான நாளிலிருந்து
உப்பு, சாவி, போன்,
இவ்வளவுதான் எங்கள் பேச்சு.
வக்கீல் பெண்தான் அவருக்கு விளக்கினாள்:
பொதுச் சொத்துக் கல்யாணம், அங்கிள்.
வீட்டில் பாதி உங்களுடையது.
கடனிலும்.
முப்பத்தொரு வருஷத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில்
இரண்டு பேரும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்.

பின்கட்டு அறையில் குடியிருக்கும் தாண்டேகா
வாடகையை உறையில் போட்டுக் கொண்டுவந்தாள்.
அடுத்த மாதம் யாரிடம் கொடுக்க?
கோர்ட்டா, பேங்க்கா, அங்கிளா?
கேட்டுச் சொல்கிறேன் என்று கை நீட்டினேன்.
அவள் உறையை
மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

புதன் இரவு மின்வெட்டு. சமையலறையில் சத்தம்.
இருட்டில் உட்கார்ந்து
உளியால் டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்.
எதையும் தொடக் கூடாது, மதிப்பு குறைந்தால்
அது தனி வழக்கு என்று வக்கீல் சொல்லியிருக்கிறாள்.
சொன்னேன்.
சுத்தியல் நிற்கவில்லை.
பிறகு டார்ச்சை எடுத்துவந்து பிடித்தேன்.

உடையாத டைல்களைப் பழைய பேப்பர்மேல் அடுக்குகிறார்,
திருப்பிக் கொடுக்கப்போவதுபோல.
அடியில் சிவப்புச் சிமெண்ட்.
யோகன் பிறந்த வருஷம் அவரே தேய்த்துப் போட்டது;
டைல்ஸ்காரன் பிடிமானத்துக்குக் கொத்திவிட்ட
அம்மைத் தழும்புகளோடு அப்படியே இருக்கிறது.

அடுப்புப் பக்கம் வந்ததும் உளி நின்றது.
"இது எந்த வருஷம்?"
ஏழு மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு, ஜூலை, என்றேன்.
ஏழாம் வகுப்பு, டிராக்கன்ஸ்பர்க் மலைச் சுற்றுலா.
பிள்ளைகள் போகவில்லை.
மலையில் பனி அதிகம் என்று
நான்தான் வீடுகளுக்குக் கடிதம் அடித்தேன்.

அந்த டைலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
வெளிச்சத்தை இன்னும் இடப்பக்கம் காட்டு, என்றார்.