காலுறை

ஈமச்சடங்கு நடத்தும் இளைஞன்
தணிந்த குரலில் சொன்னான்:
இடுப்புக்குக் கீழே பெட்டி மூடியிருக்கும், அம்மா,
கால் யாருக்கும் தெரியாது.
சூட் மட்டும் கொடுத்தால் போதும்.

அம்மா கைப்பையைத் திறந்தாள்.
சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, இரண்டு ஜோடி,
ஒன்றன்மேல் ஒன்று மாட்டுவதற்கு.
“அவருக்குக் குளிரும்” என்றாள்.
அவன் வாதாடவில்லை.

அப்பாவுக்கு வலக்காலில் மூன்றே விரல்.
மற்ற இரண்டும் எங்கே என்று
ஆளுக்கொரு வயதில் கேட்டோம்.
உறைந்த ஏரியின் துளைக்குள் காலை விட்டேன்,
வாளைமீன் கவ்விக்கொண்டு போய்விட்டது
என்றார் என்னிடம்.
சீட்டாட்டத்தில் தோற்றேன் என்றார் டுவெய்னிடம்.
கோரினிடம்,
உன் அம்மாவைப் பெண்கேட்கப் போனபோது
உன் தாத்தா அடமானமாக வாங்கிக்கொண்டார்,
இன்னும் மீட்கவில்லை என்றார்.
அவள் அதைப் பள்ளியில் கட்டுரையாகவே எழுதிவிட்டாள்.
டீச்சர் சிரிக்கவில்லை.
டீச்சரின் அண்ணன் அதே குளிர்காலத்தில்
அங்கே போய்த் திரும்பாதவர்.

கொரியா என்ற சொல்
எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்,
கட்டுரைத் தாளின் ஓரத்தில், சிவப்பு மையில்,
கேள்விக்குறியோடு.
அப்பா படித்தார். நான்காக மடித்தார்.
லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முப்பத்தொரு வருஷம்
மாவட்டத்தின் பனிவாரும் லாரி அவருடையது.
மினசோட்டாவின் வட கோடியில்
பால் வண்டிக்கும் பள்ளிப் பேருந்துக்கும்
வலி கண்ட பெண்களுக்கும் முன்னால்
அவர் போயாக வேண்டும்.
இரண்டு மணிக்கு எழுவார்.
கிளம்புமுன் எங்கள் பூட்ஸ்களை
அடுப்பைப் பார்த்துத் திருப்பி வைப்பார்,
ஒவ்வொன்றாகக் கையை நுழைத்து
நுனிவரை ஈரம் தேடுவார்.

தண்ணீர் குடிக்க எழுந்த ஓர் இரவு பார்த்தேன்.
டுவெய்னின் சின்ன பூட்ஸுக்குள் கையை விட்டபடி
அசையாமல் உட்கார்ந்திருந்தார்,
உள்ளே யாருடைய காலோ
இன்னும் இருப்பதுபோல.
கூப்பிட வாய் வரவில்லை.
தாகத்தோடே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அடித்தது ஒரே ஒருமுறை.
ஈரக் காலுறையோடு நான் முற்றத்துக்கு ஓடிய நாள்.
அடித்துவிட்டு
என்னைவிட அவர்தான் அதிகம் நடுங்கினார்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.
கேட்டால், “அது அவர் சொத்து” என்பாள்.
அறுபத்து மூன்று வருஷம்
வலக்கால் உறையின் முனையை மட்டும்
ஒரு பக்கம் குறுக்கிப் பின்னினாள்,
அளவு எங்கும் எழுதி வைக்காமல்.

மண்ணை இரண்டு நாள் நெருப்பு வைத்து
இளக்கியிருந்தார்கள்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது.
ஊதுகுழல் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று
பதிவு செய்த இசையைப் போட்டார்கள்,
அது நடுவில் ஒருமுறை நின்று தொடர்ந்தது.
சீருடைப் பையன்கள் இருவர்
கொடியை முக்கோணமாக மடித்தார்கள்.
ஒருவனுக்கு மூக்கு ஒழுகியது,
துடைக்க அனுமதியில்லை.
மண்டியிட்டுக் கொடியை நீட்டி,
நன்றியுள்ள தேசத்தின் சார்பில், என்று தொடங்கினான்.
அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
பளபளக்கும் அந்த மெல்லிய ஷூவைப் பார்த்தாள்.
“கால் மரத்துப்போச்சா, தம்பி?”

விதிப்படி அவன் பதில் சொல்லக்கூடாதாம்.
தலையை மட்டும் அசைத்தான்.

தேவாலயத்தின் நிலவறையில் காபி, உருளைக்கிழங்கு,
யாரும் தொடாத கேரட் ஜெல்லி.
ஹீட்டர் பக்கம் நாற்காலி போட்டு
அவனை உட்காரவைத்தாள் அம்மா.
கழற்றிய ஷூவை எடுத்து
வெப்பத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தான்
அறுபது வயது டுவெய்ன்.
பிறகு, என்ன நினைத்தானோ,
கையை உள்ளே விட்டான்.

வெளியே புது டிரைவர்
கல்லறைப் பாதையை இரண்டாம்முறை வாரிக்கொண்டிருந்தான்.
கோரின் ஜன்னலில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.
“ஓரத்தை விட்டுவிட்டுப் போகிறான்” என்றாள்.
“அப்பா இப்படி விடமாட்டார்.”