மறுசோதனைத் தட்டு

நெஞ்சில் பொட்டுப் பொட்டாய் ஆறு,
கைகால்களுக்குக் கவ்வி நான்கு.
ஆடாதே, பேசாதே என்றார் கோப்ரல்.
பேசவில்லை.
இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட தாள்
எனக்காகப் பேசிக்கொண்டே வெளியே வந்தது.

அதுவரை எல்லாம் சரி.
இரண்டு புள்ளி நான்கு கிலோமீட்டர்,
பத்து நிமிடம் ஐந்து வினாடி.
தட்டைப் பாதம் இல்லை.
அடைத்த பல் இரண்டு, பரவாயில்லை.
நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களை
ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் கொடுத்தேன்.
கடற்படையின் வெள்ளைச் சட்டைக்கு
மனசுக்குள் அளவும் எடுத்தாகிவிட்டது.

மேஜர் டாக்டர் ஃபௌசியா
தாளைக் கண்ணாடியோடு ஒரு முறை,
கண்ணாடியைக் கழற்றி ஒரு முறை பார்த்தார்.
"ஜந்துங்..." என்று தொடங்கி நிறுத்தினார்.
நிறுத்திய இடத்தில்
வெளியே கவாத்துப் பூட்ஸ்கள்
ஒரே கணக்கில் போய்க்கொண்டிருந்தன.

மேடாக எழ வேண்டிய அலை
நான்கு இடங்களில் குழியாக விழுந்திருக்கிறதாம்.
ஓடுகிறவர்களுக்கு இப்படி வரும், முங்கின்.
பிறவியிலேயே இருக்கும், முங்கின்.
ஒன்றுமே இல்லை, அதுவும் முங்கின்.
மலாயில் அதற்கு 'இருக்கலாம்' என்று பொருள்.
இருபது வருஷமாய்த் தெரிந்த சொல்
அன்றைக்கு மட்டும் தமிழாய்க் காதில் விழுந்தது.
முங்கினேன்.

தற்காலிகத் தகுதியின்மை. நீல முத்திரை.
எக்கோ எடுத்து வா. ஆறு வாரம்.

பாயான் லெப்பாஸில் என் பிழைப்பே இதுதான்:
பச்சைப் பலகைகளின் மேல் ஊசிகளை இறக்கி
திரையில் ஓடும் அலையைப் பார்ப்பது,
அலை பிசகினால் சிவப்பு வில்லை ஒட்டுவது.
சிவப்பு வாங்கியதெல்லாம் குப்பைக்குப் போகாது.
மறுசோதனைத் தட்டு என்று ஒன்று உண்டு.
பாதிக்குப் பாதி அங்கே பிழைத்துவிடும்,
ஊசிமுனையில் தூசி இருந்திருக்கும்.
இதைத்தான் ஆறு வாரமும்
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
மீதிப் பாதியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

படிவத்தில் பதினேழாவது கேள்வி:
குடும்பத்தில் யாராவது திடீரென இறந்ததுண்டா?
இல்லை என்று குறித்திருந்தேன்.
பெரியப்பா அர்ச்சுனன்
சிம்பாங் அம்பாட் சாலையில்
செம்பனை லாரியை ஓரங்கட்டி
கண்சிமிட்டி விளக்கையும் மறக்காமல் போட்டுவிட்டு
ஸ்டீயரிங் மேல் தலைசாய்த்தபோது
வயது நாற்பத்தொன்று.
வெயில் தாங்கல என்றுதான்
வீட்டில் இன்றைக்கும் பேச்சு.

"அதையெல்லாம் சொல்லாதடா,
எடுத்துக்க மாட்டாங்க," என்றாள் அம்மா,
மீன் குழம்பை ஊற்றியபடி.
அந்த வாரம் முழுக்க
ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து
என் மூச்சை எண்ணிவிட்டுப் போனது யாரென்று
நான் கேட்கவில்லை.
எண்ண வசதியாய்
கொஞ்சம் சத்தமாகவே மூச்சு விட்டேன்.

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி.
ஜெல் ஐஸ்கச்சாங் மாதிரிச் சில்லிட்டது.
திரையில் ஏதோ ஒன்று
வாயைத் திறந்து திறந்து மூடியது,
கரையில் போட்ட மீனைப் போல.
அதுவா நான்?
ஹூய் மின் என்று பெயர் குத்தியிருந்த பெண்
அளந்தாள், சொடுக்கினாள், அளந்தாள்.
முகத்தில் ஒன்றுமே இல்லை.
எனக்குக் கோபம் வரவில்லை.
நானும் எந்தப் பலகையிடமும்
முடிவைச் சொன்னதில்லை.

எழுந்து சட்டை போடும்போது
பேனா இருக்கா என்று கேட்டேன்.
எதற்கு என்பதுபோல் பார்த்தாள்.
பதினேழில் இருந்த கோட்டை அடித்து
பக்கத்தில் 'ஆம்' போட்டு
பெரியப்பாவின் வயதையும் எழுதினேன்.
கை நடுங்கியதில் நாற்பத்தொன்று
நாற்பத்தேழு மாதிரி விழுந்தது.
அதையும் அடித்துத் திருத்தினேன்.

முடிவு வர இன்னும் பத்து நாள்.

திரும்பும் ஃபெரியில் உட்கார இடமில்லை.
தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல்,
படைக்கப்பலா சரக்குக்கப்பலா தெரியவில்லை,
தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.
எஞ்சின் தளத்தைத் தடதடக்க வைத்தது.
நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன்.
அது எது, நான் எது என்று
பிரிக்க வரவில்லை.

விலாவோரம் விரலில் பிசுபிசுத்தது
அவள் உரிக்க மறந்த ஒரு வில்லை.
சிவப்பில்லை, வெள்ளை.
ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்.