நடைக் கணக்கு

காங்கயத்திலிருந்து கொடுமுடி,
கொடுமுடியிலிருந்து காங்கயம்.
நாளைக்கு எட்டு நடை.
வெள்ளகோவிலுக்குள் மட்டும்
எத்தனை தடவை கிளட்சை மிதிக்கிறேன் என்று
ஒருநாள் எண்ணிக்கொண்டே வந்தேன்.
அறுபத்திமூன்றில் விட்டுப்போயிற்று.
குறுக்கே ஆடு.

வலது கால் சும்மா சாய்ந்திருக்கும்,
விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.
இடதுதான் உழைப்பாளி.
நெல் தீர்ந்தது தெரியாமல்
ஓடிக்கொண்டே இருக்கிற அரைவை மில் ஒன்று
அந்த முட்டிக்குள்.
கல்லோடு கல்.

முதலில் செட் மாத்திரை.
பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் சீட்டுக் கேட்கமாட்டார்கள்.
"மூட்டு வலிக்கு ஒரு செட்டுங்க."
வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று,
மிளகளவு குட்டியாய் இன்னொன்று,
காகிதத்தில் மடித்துக் கையில்.
குட்டிதான் ராசா.
அது உள்ளே போனால்
பதினெட்டு வயசு முட்டியோடு
முத்தூர் வளைவைத் திருப்புவேன்.

நாலு மாசத்தில் முகம் உருண்டது.
"ஏனுங், ஒடம்பு தெளிஞ்சுட்டீங்களே"
என்றார் தினமும் ஏறுகிற பால்காரர்.
மயிலாத்தாள் ஒன்றும் சொல்லவில்லை.
என் கணுக்காலை விரலால் அமுக்கிவிட்டு
குழி எழும்பும்வரை
பார்த்துக்கொண்டிருந்தாள்.
நேரம் ஆயிற்று.

கண்டக்டர் சென்னியப்பனுக்கும் இடுப்பு வலி.
"இது என்னோடதுங்க, போட்டுப் பாருங்க."
போட்டேன், செட்டின் மேலேயே.
பெயர்தான் வேறு,
அட்டைக்குள் இருந்தது ஒரே சரக்கு
என்று பிறகு தெரிந்தது.
ஐப்பசியில் ஒரு காலை
கக்கூசில் தார்.
புதுசாய்ப் போட்ட ரோடு மாதிரி கறுப்பு.
இத்தனை வருசம் ஓட்டியதை
தின்றுமிருக்கிறேன் போல.

ஈரோட்டில் டாக்டர் ரெஜினா
பொட்டலத்தை மேசையில் கொட்டினார்.
"இதையும் இதையும் ஒட்டுக்கா போட்டீங்களா?"
வயிறு புண்ணான கதையைச் சொல்லிவிட்டு
பேனா முனையால் ரெண்டையும் ஒதுக்கித் தள்ளினார்.
குட்டியை மட்டும் தள்ளவில்லை.
"இதை நீங்களாக நிறுத்தக் கூடாது,
நான்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும்."
ஓடுகிற வண்டியை
கைபிரேக் போட்டு நிறுத்தக் கூடாது.
அது எனக்குப் புரியும்.

இப்போது பாராசிட்டமால்.
ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் ஆறு மணி நேரம்.
பூசிக்கொள்ள ஒரு களிம்பு,
கேபின் முழுக்க அதன் வாசம்.
அப்புறம் இன்னொரு அட்டை.
"ரொம்ப முடியாதப்போ மட்டும்.
இதைப் போட்டால் கண் சொக்கும்,
வண்டியைத் தொடக் கூடாது."

ஆடிப் பதினெட்டுக்கு அந்த அட்டை
என் சட்டைப் பையில் இருந்தது.
ஏன் எடுத்துப் போனேன், தெரியாது.
கொடுமுடிக் கூட்டம் முழுக்க ஈரத் துணியோடு ஏறிற்று.
இஞ்சின் பெட்டி மேல் முளைப்பாரித் தட்டு,
பக்கத்தில் தூங்கிப்போன ஒரு பெண் குழந்தை,
ஸ்பீடு பிரேக்கர் தோறும்
அவள் தலை கியர் கம்பியைத் தேடி வந்தது.
முட்டி தேங்காய் அளவு வீங்கியிருந்தது.
பாராசிட்டமால் போட்டு ஐந்தரை மணி நேரம்.
இன்னும் அரைமணி.
முத்தூருக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில்
அன்றைக்கு இருந்தது அந்த அரைமணிதான்.
கிளுவை வேலிகள் நகரவே இல்லை.
பல்லைக் கடித்தேன், மிதித்தேன்.
பையைத் தொட்டேன், மிதித்தேன்.
வெள்ளகோவிலில் சென்னியப்பன் தண்ணீர் நீட்டினான்.
வெள்ளை மாத்திரையைத்தான் விழுங்கினேன்.
அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை,
ஸ்டாண்டில் இறங்கும்போது
படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

புதன்கிழமை எனக்கு லீவு.
ஆகவே செவ்வாய் ராத்திரி,
தாங்க முடியாத வாரமென்றால்,
சோறு தின்றபின் அந்த அட்டையிலிருந்து ஒன்று.
கொஞ்ச நேரத்தில் மில் நிற்கும்.
அந்த அமைதி பழக்கமில்லாமல்
முட்டியைத் தட்டிக் கேட்டுப் பார்க்கிறேன்.
கண் சொக்குகிறது, தூங்கலாம்தான்.
வாரத்துக்கு ஒருமுறை வருகிற வலியில்லாததை
தூங்கியா தொலைப்பது?

வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடக்கிறேன்,
மயிலாத்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டு,
டிக்கெட் இல்லாமல், ஆரன் இல்லாமல்.
இது எத்தனையாவது நடை என்று கேட்கிறாள்.
சொல்ல வாயெடுக்கும்போது
இடது கால் தானாக
எதையோ மிதிக்கிறது.