உண

மூன்று மணிக்கு முதுகு எழுப்பிவிடும்.
சேவல் அதற்குப் பிறகுதான்.
படுத்தால் வலி. எழுந்து நடந்தால் குறையும்.
இந்தக் கணக்கு ஒருவருக்கும் விளங்கவில்லை.
ஓய்வெடு, ஓய்வெடு என்கிறார்கள்.
ஓய்வுதான் என்னைக் கட்டிப்போடுகிறது என்பதை
எந்தப் பாஷையில் சொல்ல?

எழும்புவதற்கு ஒரு முறை இருக்கிறது.
வலப்பக்கம் புரள வேண்டும், மரக்குற்றி மாதிரி, மொத்தமாக.
பிறகு முழங்கை. பிறகு கட்டில் விளிம்பு.
சிமெண்டுத் தரையின் குளிர்
குதிகாலில் ஆணியாய் ஏறும்.
தவமலர் கண் திறக்காமலே
ஒரு கையால் என் முதுகைத் தள்ளிவிடுவாள்,
ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளுவது போல.
நான் நின்றதும் அவள் தூங்கிவிடுவாள்.

காம்பராவிலிருந்து இஸ்தோப்பு வரை பதினொரு அடி.
நாற்பது தடவை.
பக்கத்துக் காம்பராவில் செபமாலை சுவரைத் தட்டுவான்:
"யாரு, பேயா?"
"நான்தான்டா."
"அதானே. பேய் இப்படி இழுத்து நடக்காது."
கீழே நீர்த்தேக்கத்தில் பனி எழும்பாமல் கிடக்கும்.
அதற்கும் காலையில் இறுக்கம் போல.

ஏழு வருடம்.
பாரம் தூக்கியிருப்பாய் என்றார்கள்.
வாய்வு என்றார்கள், பூண்டு தின்றேன்.
யாரோ செய்துவிட்டார்கள் என்றார் மாமனார்,
நாலு தேசிக்காய் வெட்டினோம்,
வெட்டியவருக்கு ஐயாயிரம்.
வேலைக்குக் கள்ளன் என்று சொன்னவர்களும் உண்டு,
காலையில் கோணியவன்
மத்தியானம் நிமிர்ந்து நடந்ததைக் கண்டு.

ஒருநாள் கண் சிவந்தது. வெளிச்சம் குத்தியது.
நுவரெலியாவில் கண் டாக்டர்
கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்,
"முதுகு வலிக்குமா? விடியப்புறம்?"
எனக்கு அழுகை வந்தது.
மருந்து விட்ட கண், அதனால் தெரியவில்லை.

பிறகு வேறு கிளினிக், வேறு கொப்பி.
எக்ஸ்ரேயை ஜன்னலுக்குப் பிடித்த பெரிய டாக்டர்
நேர்ஸிடம் ஏதோ சொன்னார்.
எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்: உண.
உண என்றால் காய்ச்சல்.
"காய்ச்சல் இல்லையே மிஸ்" என்றேன்.
சிரித்துவிட்டு அந்தப் பிள்ளை
பேனாவால் என் முள்ளந்தண்டைத் தொட்டுக் காட்டியது,
கணு, கணு, கணு.
மூங்கிலுக்கும் சிங்களத்தில் அதே பேர்தானாம்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.
இரண்டும் சரி.
எலும்புக்குள் எரிகிறது ஒன்று,
எரிந்த இடம் ஆறினால் மற்றது.

குளிசை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளி. வயிறு புரட்டும்.
ஊசி ஒன்று இருக்கிறதாம், நல்ல ஊசி;
அதன் விலை ஓட்டோவின் மூன்று மாத லீசிங்.
வரும் என்கிறார்கள் ஆஸ்பத்திரிக்கு.
போன தையிலும் சொன்னார்கள்.

கழுத்து இப்போது திரும்புவதில்லை.
சந்தியில் வண்டியைத்தான் திருப்புகிறேன்.
அட்டனில் வாங்கிப் பூட்டிய கண்ணாடிகளோடு
மொத்தம் ஐந்து.
ஸ்டைலுக்கு என்று நினைக்கிறார்கள் ஸ்டாண்டில்.
பின்னால் வரும் பஸ், பின்சீட்டில் சண்டை,
கொழுந்து லொறிக்குப் பின்னால் ஓடும் நாய்,
எல்லாம் எனக்குத் துண்டு துண்டாக வரும்.
காசு கொடுக்காமல் நழுவப் பார்ப்பவன்
மூன்று கண்ணாடியில் நழுவுவான்.

நேற்று லிந்துலை வளைவு தாண்டி
பின்சீட்டிலிருந்து யதுஷா கத்தினாள்:
"அப்பா, பல்லு விழுந்துருச்சு! பாருங்க!"
பார்த்தேன். நடுக் கண்ணாடியில் ஒரு சிரிப்பு,
அதில் ஒரு கறுப்புச் சதுரம்.
"வலப்பக்கமா?"
"ஐயோ, கண்ணாடியில பாக்காதீங்க.
திரும்பிப் பாருங்க."

ஓரங்கட்டினேன். ஹேண்ட் பிரேக்.
இடக்கால், பிறகு கம்பியைப் பிடித்து இடுப்பு,
பிறகு மிச்சம்.
பின்னால் அட்டன் பஸ் ஹார்ன் அடித்தது.
அடிக்கட்டும்.
வண்டியைச் சுற்றிப் போய், முழு உடம்பாய்த் திரும்பி
அவள் முன்னால் நின்றேன்.
வாயை அகலத் திறந்து காட்டினாள்.

இடப்பக்கம். கீழ்ப்பல்.